நிலக்கரியில் உறையும் நுண்வித்துகள்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகாத ஒரு துகள் கோடி ஆண்டுகள் அழியாதிருத்தல் கூடுமா? கூடுமாயின், அதனைக் கண்டெடுத்து ‘இஃது இன்னது’ என்று சொல்வது எவ்வாறு? தாய் உயிர் எதுவென அறியப்படாத துகளுக்கு அறிஞர் பெயரிடும் முறையையும், அப்பெயரில் பிழை நேர்ந்தால் உண்டாகும் விளைவையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏலக்காட்டுப் பூஞ்சணம்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு ஏலத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பமெட்டு மலைப்பாதை ஏறி நாள்தோறும் வந்து திரும்பும் தொழிலாளரும், மலையிலேயே குடியமர்ந்த தமிழ்க் குடும்பத்தினரும் அவ்வூர்த் தோட்டங்களில் பணிபுரிகின்றனர். பறித்த ஏலக்காயைக் காலந்தாழ்த்தாது ஸ்டோருக்குக் கொண்டுசென்று உலர்த்துதல் வேண்டும். ஈரம் முற்றும் நீங்காத காயை மூட்டையில் கட்டிவைத்தால், சில நாள்களில் அதன்மேல் வெண்மையும் பசுமையும் கலந்த ஒரு படலம் தோன்றும். ‘காய் பூசணம் பிடித்துவிட்டது’ என்று வீட்டுப் பெரியோர் வருந்துவர். பூசணம், பூஞ்சணம், பூஞ்சை என்பன ஒருபொருள் தரும் சொற்களே.

அக்காயைத் தட்டினால் புகைபோல ஒரு தூள் எழும். அத்தூள் பல்லாயிரம் நுண்வித்துகளின் திரளாகும். நுண்வித்தை ‘ஸ்போர்’ எனவும் வழங்குவர். விதை செடிக்கு எவ்வாறோ அவ்வாறே நுண்வித்து பூஞ்சைக்கு. ஆயினும் விதையினுள் இருப்பதுபோன்ற கருச்செடி இதனுள் இல்லை. ஒரு செல்லோ சில செல்களோ கொண்டு, உறுதியான சுவரால் மூடப்பட்டு, காற்றாலும் நீராலும் பூச்சிகளாலும் பரவும் சிற்றுறுப்பே நுண்வித்து. ஈரமும் உணவும் கிடைத்த இடத்தில் அது முளைத்துப் பூஞ்சை இழையாக நீளும்.

பூஞ்சை நுண்வித்துகளுள் பெரும்பாலானவை 5 முதல் 50 மைக்ரோமீட்டர் அளவின. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரோமீட்டர். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. மயிரின் தடிப்பிற்குள் அடங்கிவிடும் இத்துகள்கள், கோடி ஆண்டுகளுக்கு முன்பு நின்ற காடுகளின் செய்தியைச் சுமந்து இன்றும் மண்ணடியில் கிடக்கின்றன.

அழியாமைக்குக் காரணம்

பூஞ்சையின் இழை மெல்லியது, விரைவில் மக்கிப்போகும். நுண்வித்தின் சுவரோ உறுதியானது. அச்சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. இறாலின் ஓட்டிற்கும் வண்டின் மேலுறைக்கும் உறுதி தருவதும் கைட்டினே. பல பூஞ்சைகளின் நுண்வித்துச் சுவரில் இதனோடு மெலனின் என்னும் கருநிறப் பொருளும் கலந்திருக்கும். மனிதரின் தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருவதும் மெலனின் வகைப்பொருளே. இது வெயிலையும் நுண்ணுயிரிகளின் தாக்குதலையும் தாங்கவல்லது.

ஆகவே தடித்த, பழுப்பு நிறச் சுவருடைய நுண்வித்துகளே புதைபடிவங்களாகப் பெரிதும் எஞ்சுகின்றன. மெல்லிய, நிறமற்ற சுவருடையவை பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. இதனால் ஓர் உண்மை பெறப்படும். ஒரு படிவில் ஒரு பூஞ்சையின் நுண்வித்து காணப்படவில்லை என்பதால் அப்பூஞ்சை அங்கு வாழவில்லை என்று முடிவுகட்டுதல் தவறு. வாழ்ந்திருக்கலாம், ஆனால் அதன் தடயம் தங்காது போயிருக்கலாம்.

மலையின் இருபுறமும்

வண்டன்மேட்டுப் பாறைகளை உடைத்து இந்நுண்வித்துகளைத் தேடினால் ஒன்றும் கிட்டாது. அம்மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறியவை. அத்தகைய வெப்பத்தில் நுண்வித்தின் சுவர் எஞ்சியிராது. சேறும் இலைச்சருகும் அமைதியான நீரில் படிந்து, படலம் படலமாக மூடுண்டு, மிகுதியாகச் சூடேறாமல் இறுகிய இடங்களிலேயே இவற்றைத் தேடுதல் வேண்டும். அத்தகைய இடங்கள் மலைத்தொடரின் இருபுறமும் உள்ளன.

வடகிழக்கே, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி உள்ளது. அங்கு நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி பெரும்படலமாகப் பரந்துள்ளது. ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலவுடைமையாளர் 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது கருநிறப் பொருள் வெளிப்பட்டமையே அதன் தொடக்கம் என்பர். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. பழுப்பு நிலக்கரி என்பது முற்றும் கரியாகாத பழங்காட்டின் மிச்சம். மரத்துண்டு, இலைத்தோல், மகரந்தத்தூள், பூஞ்சை நுண்வித்து ஆகிய யாவும் அதனுள் உறைந்துள்ளன.

தென்மேற்கே, கேரளக் கடற்கரையில் வர்க்கலை உள்ளது. அங்குக் கடலை நோக்கி நிற்கும் செம்பாறைச் சரிவில் மணற்பாறையும் களிமண்ணும் பழுப்பு நிலக்கரிக் கீற்றுகளும் அடுக்கடுக்காகத் தோன்றுகின்றன. இவ்வகை அடுக்குகளை நிலவியலார் ‘வர்க்கலைப் படிவுகள்’ என வழங்குவர். ஐதராபாத்து உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி.ஜி.கே. இராமானுஜம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மகரந்தத்தூளை விரிவாக ஆராய்ந்தவர். அவரும் உடனாய்வாளரும் கேரளப் படிவுகளின் பூஞ்சை நுண்வித்துகளையும் ஆராய்ந்து வெளியிட்டனர்.

கல்லிலிருந்து கண்ணாடித்தகட்டிற்கு

நிலக்கரியினுள் உறைந்த துகளை நுண்ணோக்கியின்கீழ்க் கொண்டுவருதல் பொறுமை மிக்க பணி. முதலில், காற்றுப்படாது உள்ளே இருந்த பகுதியை வெட்டியெடுப்பர். மேற்பரப்பில் இன்றைய நுண்வித்துகள் படிந்திருக்கும் என்பதே அதற்குக் காரணம். எடுத்த துண்டைச் சிறு துகள்களாக நொறுக்குவர். பிறகு அமிலங்களால் தூய்மை செய்வர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்புப் பொருளைக் கரைக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் மணலையும் களிமண்ணையும் கரைக்கும். நைட்ரிக் அமிலம் கரிப்பொருளின் பிடியைத் தளர்த்தும். கைட்டின் சுவருடைய நுண்வித்து இவற்றைத் தாங்கி எஞ்சி நிற்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையே கரைக்கும் கொடிய நஞ்சாதலின், தக்க பாதுகாப்புள்ள ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்றோர் மட்டுமே அதனைக் கையாள்வர்.

எஞ்சிய கசடை நுண்சல்லடையில் சலித்து, ஒரு துளியைக் கண்ணாடித்தகட்டில் பரப்பி, மெல்லிய மூடியால் மூடுவர். தகட்டிற்கு எண் இடுவர். நுண்வித்து தகட்டின் எவ்விடத்தில் உள்ளது என்பதையும் குறித்துவைப்பர். பிற்காலத்தில் வேறோர் ஆய்வாளர் ஐயுற்றால், அதே தகட்டை எடுத்து அதே துகளைத் தம் கண்ணால் காணுதல் வேண்டும். புதிதாகப் பெயரிடப்படும் சிற்றினத்திற்குச் சான்றாகக் காக்கப்படும் அத்துகளை ‘வகைமாதிரி’ என்பர்.

முதல் வினா: இது பூஞ்சைதானா?

தகட்டில் காணப்படும் துகள் எல்லாம் பூஞ்சை நுண்வித்து ஆகா. மகரந்தத்தூள் இருக்கும். பெரணியின் நுண்வித்து இருக்கும். பாசிகளின் உறை இருக்கும். ஆகவே பெயரிடுவதற்கு முன்னர்ப் பிரித்தறிதல் வேண்டும்.

பெரணியின் நுண்வித்தில் பெரும்பாலும் ஒற்றைக் கீற்றோ முக்கிளைக் கீற்றோ காணப்படும். நான்கு நுண்வித்துகள் ஒருங்கே உருவாகிப் பிரிந்தமையின் தழும்பு அது. மகரந்தத்தூளின் சுவர் பல அடுக்குகளாகவும், வரியும் முள்ளும் வலையும் போன்ற அணிகளோடும் அமைந்திருக்கும். பூஞ்சை நுண்வித்தின் சுவரோ பெரும்பாலும் வழவழப்பானது; பழுப்பு முதல் கருமை வரையான நிறமுடையது. பலவற்றில் செல்களைப் பிரிக்கும் குறுக்குச்சுவர் உண்டு. முளைக்கும் இழை வெளிவருவதற்கான சிறுதுளையும் பலவற்றில் உண்டு. குறுக்குச்சுவரும் துளையும் பழுப்பு நிறமும் ஒருங்கே அமைந்திருப்பின் அத்துகள் பூஞ்சையினது என்று கருதுவதற்கு வலுவான சான்று உண்டு. இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பின் ஆய்வாளர் விரைந்து முடிவு கூறார்.

தாயைப் பிரிந்த துகள்

இன்று வாழும் பூஞ்சையை வகைப்படுத்துவோர் அதன் இழை, கனியுறுப்பு, நுண்வித்து தோன்றும் முறை, மரபணு ஆகிய யாவற்றையும் காண்பர். புதைபடிவ ஆய்வாளர்க்குக் கிடைப்பதோ தாயைப் பிரிந்து தனியே கிடக்கும் ஒரு துகள். அது எப்பூஞ்சையில் தோன்றியது என்பதற்குச் சான்று இல்லை. எங்கிருந்து பறந்துவந்தது என்பதும் தெரியாது.

மேலும் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. ஒரே பூஞ்சை பலவகை நுண்வித்துகளை ஈனுதல் கூடும். கோதுமையில் கருந்துரு நோயை உண்டாக்கும் பூஞ்சை தன் வாழ்நாளில் ஐவகை நுண்வித்துகளைத் தோற்றுவிக்கிறது. அவை தனித்தனியே புதையுண்டு கிடைத்தால் ஐந்து உயிர்கள் என்றே எண்ணத்தோன்றும். மறுபுறம், உறவே இல்லாத பல பூஞ்சைகள் ஒரே வடிவ நுண்வித்தைக் கொண்டிருத்தலும் உண்டு.

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? வண்டன்மேட்டு ஏலக்காய்த் தரம் பிரித்தலை இதற்கு ஒப்பாகக் காட்டலாம். விற்பனைக்கு முன்னர்க் காயைச் சல்லடையில் சலித்து அளவின்படி பிரிப்பர். பசுமை மாறாதது, வெளிறியது, முழுமையானது, வெடித்தது என மேலும் பகுப்பர். அக்காய் எச்செடியில் காய்த்தது என்று தரம் பிரிப்போர் கூறுவதில்லை, கூறவும் இயலாது. கண்ணால் கண்ட அளவையும் நிறத்தையும் முழுமையையும் கொண்டே பிரிக்கின்றனர். அப்பிரிப்பு பயனுடையது, பொய்யற்றது. புதைபடிவ நுண்வித்துகளை வகைப்படுத்துவதும் இத்தகையதே. காணும் வடிவத்தைக் கொண்டு அமைக்கும் இப்பிரிவை ‘வடிவப் பேரினம்’ என்பர்.

வகைப்பாட்டின் வளர்ச்சி

இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் வாழ்ந்த பியர் ஆந்திரேயா சக்கார்தோ (1845–1920) அக்காலத்தில் அறியப்பட்ட பூஞ்சைகளையெல்லாம் தொகுத்துப் பல மடலங்களாக வெளியிட்டவர். அத்தொகுப்பின் முதல் மடலம் 1882இல் வெளிவந்தது. அவர் நுண்வித்தின் செல் எண்ணிக்கை, குறுக்குச்சுவரின் அமைப்பு, வடிவம் ஆகியவற்றைக் கொண்டு பூஞ்சைகளைப் பகுத்தார். ஒருசெல் உடையவை, இருசெல் உடையவை, வரிசையாகப் பலசெல் உடையவை, செங்கல் கட்டுப்போல் நெடுக்கும் குறுக்கும் சுவருடையவை, நூல்போல் நீண்டவை, சுருள்போன்றவை, விண்மீன்போல் கிளைத்தவை என்பன அவர் கண்ட பிரிவுகள். இன்று வாழும் பூஞ்சைகளை உறவின்படி தொகுக்க இம்முறை போதாது என்று பின்னர் உணரப்பட்டது. ஆயினும் தாயைப் பிரிந்த புதைபடிவத் துகளுக்கு இதுவே தக்க தொடக்கமாயிற்று.

டச்சு நாட்டு அறிஞர் தாமசு வான் டெர் ஹாமன் கொலம்பியாவின் படிவுகளை ஆராய்ந்து, புதைபடிவப் பூஞ்சை நுண்வித்துகளுக்குரிய வடிவப் பேரினப் பெயர்கள் சிலவற்றை 1954இல் வகுத்தார். அமெரிக்க அறிஞர் வில்லியம் எல்சிக் டெக்சாசு மாநிலத்துப் பழுப்பு நிலக்கரியை ஆராய்ந்து 1968இல் மேலும் பல பெயர்களைச் சேர்த்தார். செல் எத்தனை, துளை எத்தனை என்னும் இரு வினாக்களே அவர்தம் முறையின் அடிப்படை. 2000ஆம் ஆண்டில் இராமகாந்து கல்குட்கரும் யான் யான்சோனியசும் உலகெங்கும் அதுகாறும் பெயரிடப்பட்ட புதைபடிவப் பூஞ்சை நுண்வித்துகளைத் திரட்டி ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டனர். ஆர்.கே. சக்சேனாவும் எசு.கே.எம். திரிபாதியும் 2011இல் இந்தியாவின் புதைபடிவப் பூஞ்சைகளைத் தொகுத்து வெளியிட்டனர்.

படிப்படியாக இனங்காணல்

ஆய்வாளர் ஒரு நுண்வித்தைக் கண்டவுடன் கீழ்வரும் வினாக்களை வரிசையாக எழுப்புவர்.

1. செல்கள் எத்தனை? ஒன்றா, இரண்டா, மூன்றோ அதற்கு மேலோ?
2. செல்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன? நேர்வரிசையா, சுருளா, கொத்தா?
3. துளை உண்டா? உண்டாயின் எத்தனை? எவ்விடத்தில்?
4. சுவர் வழவழப்பானதா, புள்ளியோ வரியோ முள்ளோ உடையதா?
5. நீளம், அகலம், சுவரின் தடிப்பு ஆகியன எத்தனை மைக்ரோமீட்டர்?

முதல் மூன்று வினாக்களுக்கான விடைகள் பெரும்பாலும் பேரினத்தைக் காட்டும். இறுதி இரண்டும் சிற்றினத்தை வரையறுக்கத் துணைபுரியும். சில பேரினங்கள் வருமாறு:

ஒருசெல், துளையின்மை: இனாபெர்டிஸ்போரைட்ஸ்
ஒருசெல், ஒருதுளை: மோனோபோரிஸ்போரைட்ஸ்
ஒருசெல், இருதுளை: டைபோரிஸ்போரைட்ஸ்
இருசெல், துளையின்மை: டைசெல்லேஸ்போரைட்ஸ்
மூன்றோ மேலோ செல்கள், துளையின்மை: மல்டிசெல்லேஸ்போரைட்ஸ்
மூன்றோ மேலோ செல்கள், ஒருமுனையில் துளை: புளூரிசெல்லேஸ்போரைட்ஸ்
மூன்றோ மேலோ செல்கள், இருமுனையிலும் துளை: டைபோரிசெல்லேஸ்போரைட்ஸ்
செல்கள் சுருளாக அமைந்தவை: இன்வொலூடிஸ்போரோனைட்ஸ்

இப்பெயர்கள் நாவிற்குக் கடினமானவை, பொருளோ எளிது. ‘மோனோ’ ஒன்று, ‘டை’ இரண்டு, ‘மல்டி’, ‘புளூரி’ பல. ‘போரி’ துளை, ‘செல்லே’ செல், ‘ஸ்போர்’ நுண்வித்து. இறுதியில் நிற்கும் ‘ஐட்ஸ்’ இது புதைபடிவம் என்பதை உணர்த்தும் ஈறு. டைபோரிசெல்லேஸ்போரைட்ஸ் என்பதைப் பிரித்தால் ‘இருதுளையும் பலசெல்லும் உடைய புதைபடிவ நுண்வித்து’ என்பது கிடைக்கும். தமிழில் கரும்பனை, செங்காந்தள் என்னும் பெயர்கள் கண்ட பண்பையே பெயராக்குவது போல, இவையும் கண்டதையே பெயராக்குகின்றன.

ஒரு சான்று காண்போம். ஒரு துகள் அடர்பழுப்பு நிறமுடையது. நான்கு செல்கள் ஒரே வரிசையில் உள்ளன. ஒருமுனை மட்டும் திறந்து சிறுதுளையாக உள்ளது. சுவர் வழவழப்பானது. நான்கு செல்கள் என்பதால் ஒருசெல், இருசெல் பேரினங்கள் நீங்கின. நேர்வரிசை என்பதால் சுருள் பேரினம் நீங்கியது. ஒருமுனையில் மட்டும் துளை என்பதால் எஞ்சியது புளூரிசெல்லேஸ்போரைட்ஸ். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மறுமுனை உடைந்திருப்பின், உடைப்பைத் துளையென மயங்குதல் கூடும். துளையின் விளிம்பு ஒழுங்காகவும் பெரும்பாலும் தடித்தும் இருக்கும். உடைப்பின் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும். ஆகவே ஒரே துகளைக் கொண்டு முடிவு கூறாது, அதனையொத்த பல துகள்களைக் கண்டபின்னரே ஆய்வாளர் துணிவர்.

உறவு தெரியவரும்பொழுது

எல்லா நுண்வித்துகளும் என்றும் உறவறியாதனவாகவே நிற்பதில்லை. சிலவற்றின் வடிவம் தனித்தன்மை உடையது. டெட்ராபுளோவா என்னும் பூஞ்சை இன்றும் புற்களின் தண்டடியில் வாழ்கிறது. அதன் நுண்வித்து நான்கு தூண்களை ஒருங்கே கட்டிவைத்தாற்போன்றது; ஒவ்வொரு தூணின் நுனியிலும் ஒரு நீண்ட முள் உண்டு. இவ்வடிவத்தை ஒத்த புதைபடிவம் ஒன்றிற்கு டாகுர்டோ என்னும் அறிஞர் 1968இல் ஃபிராஸ்னாக்ரிடெட்ரஸ் எனப் பெயரிட்டார். அது எவ்வுயிரினது என்பது அறியப்படாமையால், இனம் துணியப்படாத நுண்படிவங்களின் தொகுதியில் அது வைக்கப்பட்டது. ஆர்.கே. சக்சேனாவும் சமீர் சர்க்காரும் இமாச்சலப் பிரதேசத்துப் படிவுகளில் அதே வடிவத்தைக் கண்டு ஆராய்ந்து, அப்பேரினத்தின் வரையறையை 1986இல் திருத்தியமைத்தனர். டெட்ராபுளோவாவை ஒத்த பூஞ்சை நுண்வித்தாக அது இன்று கருதப்படுகிறது. பெயர் முதலில் வந்தது. உறவு பின்னர்த் தெளிந்தது.

பெயரால் மாறும் வரலாறு

சற்றொப்ப 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெர்மியன் காலத்தின் இறுதியில் உயிரினப் பேரழிவு ஒன்று நிகழ்ந்தது. பூமி கண்ட அழிவுகளுள் அதுவே மிகப் பெரிது. அக்காலத்துப் படிவுகள் பலவற்றில், செல்கள் சங்கிலிபோல் இணைந்த ஒரு நுண்படிவம் மிகுந்து காணப்படுகிறது. அமெரிக்காவின் ஓக்லகோமாவில் கிடைத்ததைக் கொண்டு வில்சன் என்பார் 1962இல் அதற்கு ரெடுவியாஸ்போரோனைட்ஸ் எனப் பெயரிட்டிருந்தார்.

1990களின் நடுவில் ஹென்க் விசரும் அவர்தம் உடனாய்வாளரும் அதனைப் பூஞ்சை எனக் கொண்டு ஒரு விளக்கம் தந்தனர். காடுகள் உலகெங்கும் மடிந்தன. மடிந்த மரங்களை உண்டு பூஞ்சைகள் பெருகின. அப்பெருக்கத்தின் சான்றே இந்நுண்படிவம் என்பது அவ்விளக்கம். 2002இல் ஃபாஸ்டரும் பிறரும் அதன் வடிவத்தையும் வேதிப்பண்பையும் ஆராய்ந்து, அது பூஞ்சையன்று, பாசி என்றனர். பாசியாயின் பட்ட மரங்களின் கதை தளர்ந்துபோகும். நீர்நிலைகளில் நேர்ந்த மாற்றமே விளக்கப்படவேண்டியதாகும். 2009இல் செப்டனும் பிறரும் வேதிப்பகுப்பின் துணைகொண்டு அது பூஞ்சையே என்று மீண்டும் வாதிட்டனர்.

ஒரு சிறுதுகள் பூஞ்சையா பாசியா என்னும் வினாவைச் சார்ந்தே ஒரு பேரழிவின் வரலாறு மாறுபடுவதை இது காட்டுகிறது. இத்தனை வாதத்திற்கு இடையிலும், செல்கள் சங்கிலியாக இணைந்தவை என்னும் அதன் வருணனையை எவரும் மறுக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதிய பகுதி நிலைத்தது. அதற்கு மேல் ஊகித்த பகுதியே மீண்டும் மீண்டும் வழக்கிற்கு வந்தது. கண்டது எது, கருதியது எது எனப் பிரித்து எழுதும் ஒழுக்கமே வகைப்பாட்டியலின் உயிர்நாடி.

நுண்வித்து கூறும் செய்தி

உறுதியாக இனங்காணப்பட்ட நுண்வித்துகள் பழங்கால நிலையை உணர்த்துகின்றன. வண்டன்மேடு போன்ற ஈரமிக்க ஊர்களில் மரங்களின் இலைமேல் கரும்புள்ளிகள் காணப்படும். அவற்றுள் சில இலைமேல் வாழும் பூஞ்சைகளின் கனியுறுப்புகள். அவ்வகையுள் ஒன்றான மைக்ரோதைரியேசி குடும்பத்துப் பூஞ்சைகள் சிறு கேடயம்போன்ற தட்டையான கனியுறுப்பு உடையவை. வெப்பமும் மழையும் மிக்க காடுகளில் இவை செழித்து வளரும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் இவற்றை ஒத்த உறுப்புகள் கிடைத்துள்ளன. இன்று வெயில் கொளுத்தும் நெய்வேலி, அந்நாளில் ஈரம் செறிந்த பசுங்காடாக இருந்தது என்பதற்கு மகரந்தத்தூளோடு இவையும் சான்று பகர்கின்றன.

ஸ்போரோர்மியெல்லா என்னும் பூஞ்சை விலங்குகளின் சாணத்தில் வாழ்வது. அதன் நுண்வித்து புல்லோடு விலங்கின் வயிற்றுள் சென்று சாணத்தோடு வெளிவரும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஆப்பிள்மேன் ஏரியின் சேற்றை ஜாக்குலின் கில்லும் பிறரும் ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். இந்நுண்வித்து 14,800 ஆண்டுகளுக்கும் 13,700 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெகுவாகக் குறைந்தது. அதனால் பேருருவத் தாவர உண்ணிகள் அக்காலத்திலேயே அருகிவிட்டன என்று அவர்கள் கண்டனர். ஓர் எலும்பும் இன்றி, நுண்வித்தின் எண்ணிக்கையே விலங்கின் வரவையும் மறைவையும் கூறிற்று.

இலக்னோவில் ஓர் ஆய்வகம்

இந்தியாவில் இவ்வகை ஆய்விற்குத் தாயகமாக விளங்குவது இலக்னோ நகரத்துப் பீர்பல் சாகினி நிறுவனம். தாவரப் புதைபடிவ அறிஞரான பீர்பல் சாகினி 1891இல் பிறந்தவர். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அந்நிறுவனக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்துச் செய்யப்பட்டது அவ்வடிக்கல். அதன்பின் ஒரு வாரத்திலேயே சாகினி மறைந்தார். அவர்தம் துணைவியார் சாவித்திரி சாகினி பொறுப்பேற்று நிறுவனத்தை வளர்த்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கல்லும் கரியும் அங்கே ஆராயப்பட்டுள்ளன.

நிறைவாக

மழைநாளில் ஏல மூட்டையில் எழும் தூளும், நெய்வேலிக் கரியுள் உறையும் துகளும் ஒரே வகை உறுப்புகளே. முன்னதன் தாயை நேரிற் காணலாம். பின்னதன் தாயைக் காண இயலாது. அதனால் பின்னது பெயரற்றுப் போகவில்லை. அதன் செல்லையும் துளையையும் சுவரையும் கூர்ந்து நோக்கியவர் அதற்குரிய பெயரை அதனிடத்திலிருந்தே பெற்றனர். உறவு தெரியவந்த நாளில் அதனையும் சேர்த்து எழுதுவதற்கு ஏட்டில் இடம் விட்டுவைத்தனர்.

சொல்லும் பொருளும்

உறைதல் – தங்கியிருத்தல்
புதைபடிவம் – மண்ணில் புதைந்து நிலைத்த தொல்லுயிரின் எச்சம்
ஈறு – சொல்லின் இறுதிப் பகுதி
துணிதல் – உறுதியாக முடிவு செய்தல்
வருணனை – கண்டதன் இயல்பை எடுத்துரைத்தல்
அருகுதல் – குறைதல்

கற்றபின் செய்க

1. ஈரமான ரொட்டித் துண்டு ஒன்றை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடுக. புட்டியைத் திறவாமலே, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையால் நாள்தோறும் நோக்குக. கண்டதை ஒரு பத்தியிலும் கருதியதை மற்றொரு பத்தியிலும் எழுதுக.
2. இரண்டு செல்களும் துளையின்மையும் உடைய புதைபடிவ நுண்வித்து எப்பேரினத்தைச் சாரும்? காரணம் தருக.
3. ஏலக்காய்த் தரம் பிரித்தலுக்கும் நுண்வித்து வகைப்பாட்டிற்கும் உள்ள ஒற்றுமை யாது? இரண்டிற்கும் இடையே வேற்றுமை ஏதேனும் உண்டா? வீட்டுப் பெரியோரிடம் தரம் பிரிக்கும் முறையைக் கேட்டறிந்து எழுதுக.
4. ‘ஒரு நுண்வித்து காணப்படாமையால் அப்பூஞ்சை அங்கு வாழவில்லை எனல் தவறு.’ விளக்குக.